சலுகை என்றொரு சொல்

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேட்ட மாத்திரத்திலே செவியைக் குளிர்விக்கும் சொற்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று 'சலுகை'. கொடுத்தவர் கை உயர்ந்தது, பெற்றவர் உள்ளம் நிறைந்தது என்ற எண்ணத்தை அந்தச் சொல் எழுப்பிவிடும். அந்த ஒரு சொல்லை நம்பிக் கப்பலேறி, கரைக்கு வந்து, உரியவரின் கைக்கு வராமல் துறைமுகத்திலே நின்றுவிடும் காரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

"காரைப் பற்றியா? கால்நடையாய்க் கூட்டத்திற்கு வந்த எங்களிடமா?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காரின் வரிக்கணக்கிலே, காரே இல்லாத உங்கள் பங்கும் அடங்கியிருக்கிறது. அதைக் காட்டாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

கடல் கடந்து சென்றவர்கள் யார்? இராமநாதபுரத்து மணலிலும், தஞ்சைத் தரணியின் கடைமடையிலும், நெல்லைச் சீமையிலும் பிறந்தவர்கள். சிங்கப்பூரிலே எந்திரம் ஓட்டினார்கள். துபாயிலே இரும்பு வளைத்தார்கள். குவைத்திலே கணக்கெழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெட்டியோடு திரும்புவர். சிலர், பத்தாண்டு உழைப்பில் மீத்த பணத்தில் வாங்கிய வண்டியோடு திரும்ப நினைப்பர். "ஊருக்கே திரும்புகிறவனுக்கு டி.ஆர். சலுகை உண்டாம், காரைக் கொண்டுபோகலாமாம்" என்று அறை நண்பர் சொல்வார். உண்மை அதிலே பாதி. மீதிப் பாதியைத் துறைமுகம் சொல்லும்; அப்போது காலம் கடந்திருக்கும்.

தோழர்களே! சுங்கம் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. காவிரிப்பூம்பட்டினத்திலே சுங்கம் கொண்டோர், பண்டங்களின் மீது சோழனின் புலி இலச்சினையைப் பொறித்தனர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. பொறித்த இலச்சினையை வணிகனும் கண்டான், வழிப்போக்கனும் கண்டான். முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாடு அழைத்தது. இன்றைய அரசைச் சுங்கம் தவிர்க்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. வரியின்றி அரசு இல்லை. அரசின்றிப் பள்ளியில்லை, பாலமில்லை, மருத்துவமனையில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: போடுகிற இலச்சினையை எல்லோரும் காணும்படி போடுங்கள்! வரி என்றால் வரி என்று சொல்லுங்கள். சலுகை என்றால் சலுகையாகவே கொடுங்கள்!

சட்டம் சொல்வதென்ன? ஆங்கிலேயர் காலத்து 1878-ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டம் போய், 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் வந்தது. அதன் இரண்டாம் பிரிவிலே, 'பயணச்சுமை' என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள்: பின்னால் தனியே வந்துசேரும் சுமையும் பயணச்சுமையே, ஆனால் மோட்டார் வண்டி பயணச்சுமை ஆகாது! அடுப்பும் அலமாரியும் வீட்டுப்பொருள். வாசலில் நின்ற வண்டி வீட்டுப்பொருளன்று. அது இறக்குமதிச் சரக்கு. முடிச்சு அங்கேதான் விழுகிறது.

வெளிநாட்டில் குறைந்தது 2 ஆண்டு தங்கித் திரும்பியவரின் வீட்டுப் பொருள்களுக்கு, 2016-ஆம் ஆண்டின் பயணச்சுமை விதிகள் 5 இலட்சம் ரூபாய் மதிப்பு வரை தீர்வை விலக்கு அளித்தன. அது உண்மையிலேயே சலுகை. அதைக் கேள்விப்பட்டவர், வாசலில் நின்ற வண்டிக்கும் அது பொருந்தும் என்று எண்ணினால், பிழை எண்ணியவரிடமா? இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்கும்படி விட்டவரிடமா?

பழைய காரைப் பொது வழியிலே கொண்டுவருவதற்கு விதிகள் கடுமையானவை. வண்டி உற்பத்தியான நாளிலிருந்து 3 ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கலாகாது. ஸ்டீரிங் வலப்புறம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி, சாலையின் இடப்புறம் செல்லும் நம் நாட்டு முறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வந்திறங்கும் துறைமுகம் மும்பையாக இருக்க வேண்டும். சென்னையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கார்கள் கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. ஆனால் அயல்நாட்டிலிருந்து ஒரு பழைய கார் பொது வழியிலே வருவதென்றால் மும்பையைச் சுற்றித்தான் வரவேண்டும். வளைகுடா நாடுகளின் கார்களுக்கோ ஸ்டீரிங் இடப்புறம்! பொது வழியின் கதவு அவர்களுக்குத் தட்டுமுன்பே சாத்தப்பட்டது.

இந்தப் பொது வழியை விட்டு, நாடு திரும்பிக் குடியேறுவோருக்கென ஒரு தனி வழியும் உண்டு. தொடர்ந்து 2 ஆண்டு வெளிநாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வண்டி அங்கே குறைந்தது ஓராண்டு அவர் கைவசம் இருந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வண்டி. இத்தனையும் பொருந்தினால், இறக்குமதி உரிமம் இல்லாமலே கொண்டுவரலாம். எதைச் செலுத்தி? முழுத் தீர்வையையும் செலுத்தி!

நாடகம் எழுதிப் பழகியவன் நான். இந்த இடத்தை நாடகமாகவே காட்டிவிடுகிறேன். மேடை: துறைமுகம். பாத்திரங்கள் இருவர். ஒருவர், திரும்பி வந்தவர். மற்றவர், சட்டம்.

வந்தவர்: ஐயா, இது என் வண்டி. ஈராண்டுக்கு மேல் அயல்நாட்டில் இருந்தேன். ஓராண்டுக்கு மேல் இதை ஓட்டினேன். தாள்கள் இதோ.

சட்டம்: வருக! வருக! தாள்கள் செம்மையாக இருக்கின்றன. உமக்குச் சலுகை உண்டு.

வந்தவர்: மகிழ்ச்சி ஐயா! அப்படியானால் வண்டியை எடுத்துச் செல்லலாமா?

சட்டம்: செல்லலாமே! தீர்வையைக் கட்டிவிட்டு.

வந்தவர்: எவ்வளவு குறைத்திருக்கிறீர்கள்?

சட்டம்: குறைப்பதா? குறைப்பதாக யார் சொன்னது?

வந்தவர்: சலுகை என்றீர்களே!

சட்டம்: ஆம். தீர்வை கட்டுவதற்கு உம்மை அனுமதித்திருக்கிறோமே, அதுதான் சலுகை!

(அவையில் சிரிப்பு.)

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்த இடத்தில் நின்றவர் சிரிக்கமாட்டார். ஏன் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சிலேட்டு வேண்டாம், விரல் போதும்.

வண்டியின் மதிப்பு, அவர் வாங்கிய விலையன்று. உற்பத்தியாளரின் விலைப்பட்டியலை எடுத்து, வண்டியின் அகவைக்கேற்பத் தேய்மானம் கழித்து, கப்பற்கூலியும் காப்பீடும் கூட்டி, சுங்கத்துறை மதிப்பை முடிவு செய்கிறது. அப்படி முடிவான மதிப்பு 10 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். 2025-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டப்படி, பழைய காருக்கு அடிப்படைத் தீர்வை 70 விழுக்காடு. வேளாண் உட்கட்டமைப்பு, மேம்பாட்டு செஸ் 67.5 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 137.5. பத்து இலட்சத்துக்கு 13 இலட்சத்து 75 ஆயிரம். வண்டியும் தீர்வையும் சேர்ந்து 23 இலட்சத்து 75 ஆயிரம் ஆயிற்றா? இனி, இந்தக் கூட்டுத்தொகையின் மீது ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள காருக்கு அது 40 விழுக்காடு. அஃதாவது 9 இலட்சத்து 50 ஆயிரம். ஆக வரி மட்டும் 23 இலட்சத்து 25 ஆயிரம்! பத்து இலட்சம் ரூபாய் வண்டி, துறைமுகத்தின் வாயிலைத் தாண்டும்போது 33 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாய் வண்டி!

வண்டி ஒன்று, அதன் விலையோ மூன்று மடங்குக்கும் மேல். அதன் பிறகு ஊருக்கு வந்து பதிவு செய்ய வேண்டும். அங்கே மாநிலத்தின் ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி, 20 இலட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 விழுக்காடு. மாநிலத்தின் வரியை மறைத்துவிட்டு டில்லியின் வரியை மட்டும் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஆகவே அதையும் சொன்னேன்.

கட்டப் பணமில்லை, கொஞ்சம் நாள் கொடுங்கள் என்று கேட்கலாமா? துறைமுகத்துக்குக் காலண்டர் வேறு. இறங்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விடுவிக்காத சரக்கை, அறிவிப்புக் கொடுத்துச் சுங்கத்துறையின் இசைவோடு விற்றுவிடலாம் என்கிறது 48-ஆம் பிரிவு. இடையிலே ஒவ்வொரு நாளும் இடவாடகை ஏறும். பில் ஆஃப் என்ட்ரியில் ஒரு விவரம் பொருந்தாவிட்டால் கிளியரிங் ஏஜெண்டின் நடையும் கூடும், கூலியும் கூடும். வண்டி விதிக்குப் பொருந்தாது என்று முடிவானால் பறிமுதல். 125-ஆம் பிரிவின்படி மீட்புத் தண்டம் கட்டி மீட்கலாம். அதாவது தன் வண்டியைத் தானே இரண்டாம் முறை விலைக்கு வாங்கலாம்!

பிற நாடுகளில் எப்படி? இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடியேறுகிறவர் 12 மாதம் வெளிநாட்டில் வாழ்ந்து, வண்டியை 6 மாதம் உடைமையாக வைத்துப் பயன்படுத்தியிருந்தால், சுங்கத் தீர்வையும் கிடையாது, மதிப்புக் கூட்டு வரியும் கிடையாது. 12 மாதத்திற்குள் விற்கக்கூடாது, அதுதான் நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விதியும் ஏறக்குறைய அதே அளவுகோலை வைத்துத் தீர்வையை விலக்குகிறது. வணிகனுக்குத் தடை, வாழ வருபவனுக்கு வழி. சலுகை என்ற சொல்லுக்கு அங்கே சலுகை என்றே பொருள்!

"நம் நாடு ஏழை நாடு, கார்த் தொழிலைக் காக்க வேண்டாமா?" என்று கேட்பார் உண்டு. நேர்மையான கேள்வி. காக்கத்தான் வேண்டும். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஆயிரமாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் அந்தத் தொழிலால் அடுப்பெரிக்கின்றன. தீர்வை என்ற வேலி இல்லாவிட்டால் பழைய கார்கள் வெள்ளமெனப் புகுந்து அந்த அடுப்பை அணைத்துவிடும். வேலி வேண்டும்; ஐயமில்லை. ஆனால், வாழ்நாளில் ஒரு முறை, தான் ஓட்டிய ஒரே வண்டியோடு வீடு திரும்புகிறவனா வெள்ளம்? வேலி மாட்டைத் தடுக்கட்டும். வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்த வேண்டுமா?

இந்த வேலி எல்லோருக்கும் ஒரே உயரமா? அதையும் பார்ப்போம். 2002-ஆம் ஆண்டு. டெஸ்ட் ஆட்டங்களிலே பிராட்மனின் 29 சதங்களைச் சச்சின் டெண்டுல்கர் எட்டினார். அதைப் பாராட்டி, ஃபியட் நிறுவனம் ஃபெராரி கார் ஒன்றைப் பரிசளித்தது. வண்டிக்குரிய சுங்கம் 1 கோடியே 13 இலட்சம் ரூபாய். அதை அன்றைய மத்திய அரசு விலக்கிற்று. நாட்டிலே கேள்வி எழுந்தது. டில்லி உயர்நீதிமன்றத்திலே வழக்கும் எழுந்தது. முடிவில் ஃபியட் நிறுவனமே வரியைச் செலுத்தியது. ஆட்டக்காரரின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. உலகம் போற்றும் திறமை அது. நாம் கேட்பது அரசை. மட்டை பிடித்த கைக்கு ஒரு சட்டம், மண்வெட்டி பிடித்த கைக்கு ஒரு சட்டமா?

இன்னொன்று கேளுங்கள். தனி ஆணையால் தீர்வையை விலக்கும் அதிகாரத்தைச் சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. அத்தகைய ஆணைகளை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்கிறது 159-ஆம் பிரிவு. நல்லது! ஆனால் அதிலே ஒரு வாசகம்: போர்த்திற முக்கியத்துவமோ இரகசியத் தன்மையோ கொண்ட பண்டங்களையும், தனியாளுக்குரிய சொந்தப் பண்டங்களையும் பற்றிய ஆணைகள் நீங்கலாக! பீரங்கியை மறைக்கிறீர்கள், புரிகிறது. ஒருவருடைய சொந்தக் காருக்குக் கொடுத்த விலக்கை ஏன் அந்தத் திரைக்குள்ளே வைக்கிறீர்கள்? மன்றத்தில் வைக்கக் கூசும் கருணை என்ன கருணை?

வாயில் குறுகினால் சுவரேறுவோர் பெருகுவர். 2025 செப்டம்பரில் கேரளத்திலே சுங்கத்துறை பெரிய சோதனை நடத்தியது. பூட்டானிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்பட்ட சொகுசு வண்டிகளைத் தேடிய சோதனை அது. 'நும்கோர்' என்று அதற்குப் பெயர். பூட்டான் மொழியில் வண்டி என்று பொருள். குற்றமுள்ளோர் யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் காண்பது ஒன்று: சுவரேறத் தெரிந்தவருக்கு வழிகள் பல, தாளைக் கையில் பிடித்து வாயிலில் நிற்பவனுக்கோ ஒரே வழி, முழுத் தீர்வை!

காரில்லாத உங்கள் பங்கைக் காட்டுவதாகச் சொன்னேனல்லவா? இதோ அந்த இடம்.

2025 பிப்ரவரிக்கு முன் பழைய காருக்கு அடிப்படைத் தீர்வை 125 விழுக்காடு. அதன்மேல் சமூகநல மேல்வரி 12.5. கூட்டினால் 137.5. அதன் பின்? அடிப்படைத் தீர்வை 70. வேளாண் செஸ் 67.5. கூட்டிப் பாருங்கள்: அதே 137.5! கட்டுகிறவருக்கு ஒரு காசும் குறையவில்லை. "தீர்வை 125-லிருந்து 70 ஆகக் குறைந்தது" என்று மேடையிலே சொல்லிக்கொள்ளலாம். துறைமுகத்திலே சொல்ல முடியாது.

மாறியது எது? அடிப்படைத் தீர்வை, மாநிலங்களோடு பங்கிடப்படும் தொகுப்பில் சேரும். செஸ்ஸும் மேல்வரியும் சேரா; அரசியலமைப்பின் 270-ஆவது உறுப்பு அவற்றை விலக்கி வைத்திருக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு வகுத்தபடி, அந்தத் தொகுப்பில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 விழுக்காடு. நம் 10 இலட்ச ரூபாய் வண்டிக்கே திரும்புவோம். முன்பு பங்கிடத்தக்கது 12 இலட்சத்து 50 ஆயிரம். அதில் மாநிலங்களுக்கு ஏறத்தாழ 5 இலட்சத்து 12 ஆயிரத்து 500. பின்பு பங்கிடத்தக்கது 7 இலட்சம். மாநிலங்களுக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 87 ஆயிரம். ஒரே ஒரு வண்டியிலே, மாநிலங்களின் கையிலிருந்து 2 இலட்சத்து 25 ஆயிரத்து 500 ரூபாய் நழுவியது! கொடுத்தவருக்குத் தெரியாது, இழந்தவருக்கும் தெரியாது.

நாட்டுக்குள் வரும் பழைய கார்கள் சிலவே. ஆகவே தொகை பெரிதன்று என்று சொல்லலாம். தொகையை விடுங்கள், முறையைப் பாருங்கள். பங்கிட வேண்டிய பெட்டியிலிருந்து எடுத்து, பங்கிட வேண்டாத பெட்டியில் போடுகிற முறை! பெட்டியின் மேல் 'வேளாண்மை' என்று எழுதியிருக்கிறது. ஏர் பிடிக்கும் உழவன் எந்த மாநிலத்திலும் இல்லாமல் டில்லியிலேயா இருக்கிறான்? அங்கே 'சலுகை' என்ற சொல் வரியை மறைத்தது. இங்கே 'வேளாண்மை' என்ற சொல் பங்கை மறைக்கிறது. சொல் ஒன்று, பொருள் வேறு! இதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் குற்றச்சாட்டு.

குற்றம் சொன்னால் போதுமா? கோரிக்கையும் வேண்டுமல்லவா?

முதலாவது: தீர்வை விதிகளைத் தமிழில் எழுதுங்கள். தமிழர் திரளாக வாழும் நாடுகளின் இந்தியத் தூதரகங்களிலே தொங்கவிடுங்கள். "காரைக் கொண்டுவர அனுமதி உண்டு, தீர்வையில் குறைப்பு இல்லை" என்று இரண்டு வரி போதும். எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு பிழைக்கும்.

இரண்டாவது: சலுகை என்று சொன்னால் சலுகையாகக் கொடுங்கள். நாடு திரும்பிக் குடியேறுகிறவரின் ஒரே வண்டி. ஓர் அளவான மதிப்பு வரை. விற்கக்கூடாது என்ற காலவரையோடு. அந்த அளவுக்காவது அதை வீட்டுப்பொருளாக நடத்துங்கள்.

மூன்றாவது: யாருக்கு விலக்கு அளித்தாலும், பெயரும் காரணமும் நாடாளுமன்றத்தின் முன் வரட்டும்.

நான்காவது: செஸ் என்ற பெயரில் வாங்கும் பணத்துக்கும் மாநிலங்களோடு பங்கு வையுங்கள்.

தோழர்களே! அரசு செய்யும் வரை நாம் வாளாவிருக்கலாமா? உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, இன்றே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். கடல் கடந்த உங்கள் அண்ணனுக்கும் மச்சானுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள். காரைக் கப்பலில் ஏற்றும் முன் கடவுச்சீட்டை விரித்து ஈராண்டை எண்ணிப் பாருங்கள். விலைச்சீட்டும் பதிவும் சொந்தப் பெயரில் ஓராண்டு நிறைந்தனவா என்று பாருங்கள். வண்டி உற்பத்தியான மாதம் எது, ஸ்டீரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சுங்கத்துறை என்ன மதிப்புப் போடும், அதன்மேல் என்ன வரி வரும் என்று கணக்கிடுங்கள். கணக்கு மலைபோல் நின்றால், வண்டியை அங்கேயே விற்று, பணத்தோடு வாருங்கள். வண்டி போனால் இன்னொரு வண்டி வாங்கலாம். பத்தாண்டு வியர்வை போனால், அதை எந்தச் சந்தையில் வாங்குவது?

காவிரிப்பூம்பட்டினத்துப் புலி இலச்சினை, பண்டத்தின் மேலே பளிச்சென்று தெரிந்தது. இன்றைய இலச்சினையும் அப்படியே தெரியட்டும். வரி கொடுக்க நாம் தயங்கவில்லை. வரியைச் சலுகை என்று அழைக்காதீர்கள் என்கிறோம். பங்கைப் பறித்துவிட்டு வேளாண்மை என்று பெயரிடாதீர்கள் என்கிறோம். பெயரும் பொருளும் ஒன்றாகும் வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். கேட்பது நம் கடமை; பதில் சொல்வது அவர்கள் கடமை!